தகரத் தவளைக் கதைக்கு முடிவு எங்கே அம்மா?

என் அம்மா ரோசலின் டீச்சருக்கு,

நீ எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பாய். போன இடத்திலும் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்திருப்பாய். நான்தான் இங்கே நன்றாக இல்லை. கோபமாக இருக்கிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் இந்தக் கோபத்தோடுதான் அரிசி களைகிறேன், பேருந்து பிடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன்.

இதை உன் கல்லறைக்கு வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டல்லவா போயிருக்கிறாய்? அதனால் நானும் ஊர் படிக்கவே எழுதுகிறேன். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மருமகன் உன் ரேடியோவைப் பழுது பார்க்கிறேன் என்று பிரித்துப்போட்டு மூன்று மாதம் ஆகிறது. திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் இருக்கின்றன, ரேடியோ ஒரு தட்டில் இருக்கிறது. உன் குடையை நான்தான் எடுத்துப்போகிறேன். அதன் கம்பி இரண்டு உடைந்திருப்பதை எத்தனை வருடமாக மறைத்தாய்? கேட்டால் “நல்லாத்தானடி இருக்குது” என்பாய். உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் கேட்டாள்.

“அக்கா, நீங்கதான் அந்தத் தவளையா?”

எனக்குப் புரியவில்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சாரிக்கா. டீச்சர் பொண்ணுன்னு சொன்னாங்க, அதான். எங்களுக்கெல்லாம் நீங்க தவளைதான். தகரத் தவளை. தொட்டா டிக்குன்னுமே, அது.”

“யாரு சொன்னது அப்படி?”

“டீச்சர்தான். கதை சொல்லும்போதே சொல்லுவாங்க, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குது, தொட்டா டிக்குன்னும்னு. உங்கள ஒரு தடவ பாக்கணும்னு நாங்க எவ்ளோ அழுதிருப்போம் தெரியுமா?”

சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் சுகந்தி. இருபத்தேழு வயது, மஞ்சக்குப்பத்தில் நர்ஸ் வேலை. மூன்று வயதில் உன்னிடம் பால்வாடிக்கு வந்தவள். அப்படியென்றால் குறைந்தது இருபத்து நாலு வருடமாக, கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஒரு தவளை. எனக்கு மட்டும் அது தெரியாது.

உன்னை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு அங்கன்வாடியில் வேலை கிடைத்தது. முப்பது வருடம் அதே மையம், அதே வேப்பமரம். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. தினமும் பகல் பன்னிரண்டரை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், பிள்ளைகளுக்குக் கதை சொல்ல. ஒரு பொம்மைக்குப் பாசம் வருமா என்கிற கதை என்று மட்டும் தெரியும். அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பொம்மை பேசும் என்று அம்மா சொன்னபோது, “பொய் சொல்லாத” என்று ஐந்து வயதிலேயே நான் எழுந்து போய்விட்டேனாம். அத்தோடு எனக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தகரத் தவளை எல்லாருக்கும் தெரியும். திருவிழாக் கடையில் விற்பார்கள். மேலே பச்சைத் தகரம், வயிற்றுக்கு அடியில் ஒரு எஃகுத் தகடு. தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் டிக். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று நீ முடிவு செய்திருக்கிறாய். இதை மறுக்க முடியாததுதான் என் கோபத்தில் பாதி. சின்ன வயதிலிருந்தே என்னைத் தொட்டால் எனக்குப் பிடிக்காது. நீ வேலை முடிந்து நாலு மணிக்கு வந்து கட்டிப்பிடிப்பாய். நான் விறைத்துக்கொண்டு நிற்பேன். “ச்சு” என்பேன். முத்தம் கொடுத்தால் ச்சு. தலை வாரினால் ச்சு. பரீட்சைக்குப் போகும்போது நெற்றியில் சிலுவை போட்டால் ச்சு. நீ சிரிப்பாய். இப்போது தெரிகிறது ஏன் சிரித்தாய் என்று. அடுத்த நாள் கதைக்குச் சரக்கு கிடைத்துவிட்டதல்லவா?

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேர்ந்து நான் விடுதிக்குக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? ரயில் நிலையத்தில் நீ இரண்டு கையையும் நீட்டினாய். பையைக் கேட்கிறாய் என்று நினைத்துப் பையைக் கொடுத்தேன். நீயும் வாங்கிக்கொண்டாய். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். வண்டி ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் நீ எதற்குக் கை நீட்டினாய் என்று எனக்கு உறைத்தது. இறங்கித் திரும்பி வர முடியுமா? விடுதியிலிருந்து கடிதம் எழுதினேன். ஞாபகமிருந்தால் பார், அதில் சாப்பாடு பற்றித்தான் எழுதியிருந்தேன்.

மருத்துவமனையிலும் அதே கதைதான். கடைசி நான்கு நாளும் நான் மாத்திரைகளைச் சரிபார்த்தேன், மின்விசிறியைக் கூட்டிக் குறைத்தேன், படுக்கை விரிப்பு மாற்றவில்லை என்று சண்டை போட்டேன். “என்னம்மா வேணும்?” என்று நூறு தடவை கேட்டேன். நீ “ஒண்ணும் வேணாம், செத்த நேரம் உக்காரு” என்றாய். நான் “ச்சு” என்று சொல்லிவிட்டு, டிரிப்ஸ் சரியாக இறங்கவில்லை என்று நர்ஸைக் கூப்பிட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அப்புறம் நீ பேசவே இல்லை.

ஆகவே எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. உன் கதையில் அந்தத் தவளை கடைசியில் பாசம் வைத்ததா இல்லையா? வைத்தது என்று நீ சொல்லியிருந்தால், உனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது என்று அர்த்தம். வைக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால், நீ எதை நினைத்துக்கொண்டு போனாய்?

சுகந்தியைப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டேன்.

“கதையச் சொல்லு.”

“இப்பவாக்கா? சரி. தேவனாம்பட்டினம் கடக்கரையில மாசி மகம். மல்லின்னு ஒரு பொண்ணு கடையில தவளைய எடுப்பா. அமுக்குவா, டிக். அதுக்குக் கோவம், தொடாதன்னு. வீட்டுக்குப் போனா கட்டிப்பா, டிக். முத்தம் குடுப்பா, டிக். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போவா, அங்க டிக்குன்னு சத்தம் வந்து திட்டு வாங்குவா. அப்புறம் மல்லிக்கு ஜுரம் வரும்.”

“அப்புறம்?”

“அதோட சரிக்கா.”

“அதோட சரின்னா? ஜுரம் வந்து என்ன ஆச்சு? தவளைக்கு என்ன ஆச்சு?”

“தெரியலக்கா. அவ்ளோதான் ஞாபகம் இருக்குது.” குழந்தை சிணுங்கியது. அவள் தப்பித்துப் போய்விட்டாள்.

அடுத்து ஆட்டோ ஓட்டுகிற வேலு. உன் படத்தை என் கைபேசியில் பார்த்துவிட்டு அவனாகவே பேச்செடுத்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். மாசி மகம், மல்லி, டிக், கட்டிப்பிடித்தல், முத்தம், எல்லாம் சுகந்தி சொன்னபடியே வார்த்தை பிசகாமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியதும் நின்றுவிட்டது. “அதுக்கப்புறம் ஜுரம் வருமே?” என்று எடுத்துக் கொடுத்தேன். “யாருக்குக்கா ஜுரம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

நான் வேலை பார்ப்பது சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில். அங்கே பீப்பாய் ஏற்றுகிற ஒப்பந்தத் தொழிலாளி குமாரும் உன் மாணவன் என்று தெரிந்தது. ஆறடி உயரம். இரண்டு கையாலும் ஒரு பீப்பாயைப் பொம்மை மாதிரி உருட்டுவான். மதிய இடைவேளையில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தவளைக் கதைங்களா மேடம்? தெரியுமே. மாசி மகத்துல மல்லி தவளைய வாங்குவா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன மேடம், வாங்கிட்டால்ல?”

இப்படியே பன்னிரண்டு பேர். ஆய்வகத்தில் நான் செய்கிற வேலைதானே? ஒரு நோட்டில் கட்டம் போட்டு, யார் எதுவரை சொன்னார்கள் என்று எழுதினேன். ஆரம்பம் எல்லாரிடமும் ஒன்றுபோல. நின்ற இடம் ஆளுக்கு ஒன்று. ஜுரத்துக்கு அப்பால் ஒருவர்கூடப் போகவில்லை. ஒரே பீப்பாயில் சோதனைக்கு எடுத்த பன்னிரண்டு மாதிரிகளுக்கும் வேறு வேறு அளவு வந்தால் எங்கள் ஆய்வகத்தில் பீப்பாயைச் சந்தேகப்படுவோம். நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

முடிவு மோசமாக இருந்ததால்தான் பிள்ளைகளிடம் மறைத்தாய் என்று எனக்குத் தோன்றியது. பாசமே வராத தவளை. அதை எப்படி மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வாய்? அதனால் பாதியில் நிறுத்தியிருக்கிறாய். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். நாலு மாதம் அந்தக் கணக்கோடு இருந்தேன் அம்மா. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்க ஆளில்லாத நேரம் பார்த்தா இதையெல்லாம் என் தலையில் போடுவாய்?

இதற்கு நடுவில் உன் மையத்திலிருந்து போன் வந்தது. புது டீச்சர் வினோதினி, சின்னப் பெண்.

“மேடம், ஒரு உதவி. ரோசலின் டீச்சர் சொல்ற கதைய நீங்க வந்து ஒரு நாள் சொல்லுங்க. நாங்க ரெக்கார்டு பண்ணிக்கிறோம். நாங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குதுங்க, தவளக் கதைதான் வேணுமாம். ரகள ஜாஸ்தியா இருக்குது.”

“எனக்கு அந்தக் கதை தெரியாதும்மா.”

“ஐயையோ, உங்களப் பத்தின கதைன்னு சொன்னாங்களே?”

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள்தான் அம்சா ஆயாவைக் கேட்கச் சொன்னாள். எனக்கு அது தோன்றவே இல்லை, பார். உன்னோடு இத்தனை வருடம் அந்த மையத்தில் சமைத்து, பெருக்கி, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்ட ஆயா. மூன்று வருடம் முன்னால் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டது. உன் அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்தான் கையை உருவிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து, மாடி வீடு. நான் உட்காருவதற்குள் தட்டு வந்துவிட்டது. நாலு இட்லி, மேலே கத்திரிக்காய் கொத்சு.

“எலச்சுப் போயிட்டியே பாப்பா. அங்க யாரும் சோறு போடலியா?” நாற்பத்தாறு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இப்போது ஆயா ஒன்றுதான் மிச்சம்.

“ஆயா, நான் கத கேக்க வந்தேன்.”

“இந்த வயசுலியா?”

“தவளைக் கத. கடைசியில என்ன ஆவும்? எனக்கு முடிவு வேணும்.”

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“முடிவா? அது தூங்க வெக்கிற கத பாப்பா! சோறு தின்னதும் பாயி விரிச்சுப் போட்டு, படுக்க வெச்சு சொல்ற கத. எந்தப் புள்ள முடிவு வரைக்கும் முழிச்சிருக்கும்? முழிச்சிருந்தா டீச்சர் வேல கெட்டுச்சுன்னு அர்த்தம்.”

எடுத்த இட்லியைத் தட்டிலேயே போட்டேன்.

“தெனம் இதே கததானா?”

“பின்ன? புதுக் கத சொன்னா எழுந்து உக்காந்து கேக்குமே. தெரிஞ்ச கததான் தூக்கத்துக்கு நல்லது. டீச்சருக்கு அது அத்துப்படி.”

“குமாருன்னு ஒருத்தன்...”

“எந்தக் குமாரு? வாயில சோத்தோட தூங்குவானே, அவனா? மல்லி கடைக்குப் போறதுக்குள்ள கொறட்ட வந்துரும்.”

“வேலு?”

“அவன் பரவால்ல. பள்ளிக்கூடம் வரைக்கும் வருவான்.”

“சுகந்தி?”

“யப்பா! அது முழிச்சிக்கிட்டே கெடக்கும். ஜுரம் வரைக்கும் இழுத்துரும். அதுக்கு மேல டீச்சர் முதுகுல தட்ட ஆரம்பிச்சிருவாங்க. எல்லாம் அடங்கிருச்சுன்னா அந்த எடத்துலயே நிறுத்திருவாங்க. பேசிக்கிட்டிருந்த வார்த்தையக்கூட முடிக்க மாட்டாங்க.”

என் பன்னிரண்டு கட்டத்தையும் ஆயா ஒரு இட்லி ஆறுவதற்குள் நிரப்பிவிட்டது. நான் எழுதி வைத்திருந்தது கதை இல்லை அம்மா, பன்னிரண்டு பிள்ளைகள் தூங்கிப்போன இடம். எம்.எஸ்சி. படித்து, இருபது வருடம் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு இது தெரியவில்லை. எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீயே சொல்.

“நீங்க கேட்டிருப்பீங்க இல்ல ஆயா?”

“நான் எங்க கேட்டேன்? பாத்திரம் கழுவப் போயிருவேன். கொழாயத் தொறந்தா என்னா கேக்கும்?” நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ தெரியவில்லை, ஆயா கொஞ்சம் யோசித்தது. “இரு. ஜுரத்துக்கு அப்புறம் கொஞ்சம் கேட்டிருக்கேன். மல்லி தவளைய அமுக்கிப் புடிச்சிக்கிட்டே தூங்கிருவா. கையில பெலம் இல்ல, வெரல் நழுவிரும். விட்டா அது ஒரு சத்தம் போடும் பாரு, டக்குனு. மல்லி முழிச்சிப் பாத்துக் கேப்பா, ஏன் தவள, புடிச்சாலும் கோவிச்சிக்கிற, விட்டாலும் கோவிச்சிக்கிறன்னு.”

“தவள என்ன சொல்லும்?”

“அங்க ஒரு நாளும் போனதில்லியே. ஆனா டீச்சர் எங்கிட்ட சொல்லுவாங்க. எங்க வீட்டுத் தவளைக்கும் ரெண்டு சத்தம் இருக்குது அம்சா. நான் மூணு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்தா வாசல்லியே நின்னு ச்சுன்னும் பாரு, அது வேற ச்சுன்னு.”

கொத்சு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

“நானே ஒரு நாள் கேட்டேன் பாப்பா. ஏன் டீச்சர், கடைசியில அதுக்குப் பாசம் வந்துச்சா இல்லியான்னு. சிரிச்சாங்க. நானே அது வரைக்கும் போனதில்ல அம்சா, அதுக்குள்ள எல்லாம் தூங்கிருதுன்னாங்க.”

திரும்பி வரும்போது பேருந்தில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார், வாய்விட்டுப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அது வேறு ச்சு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அம்சா ஆயாவிடம் சொல்லியிருக்கிறாய். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சொல்லியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னால் என்ன? “அடியே, நீ இப்போ போட்டது இன்ன சத்தம், எனக்குப் புரியுது” என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? நான் ச்சு என்றுதான் சொல்லியிருப்பேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சரி, மருத்துவமனையில்? நீ உட்காரச் சொன்னபோது நான் போட்டது எந்தச் சத்தம்? எனக்கே நிச்சயமில்லை. உனக்குக் கேட்டதா? இத்தனை வருடம் கதையை முடிக்காமல் வைத்திருந்தவளிடம் இதை எப்படிக் கேட்டு வாங்குவேன்?

போன சனிக்கிழமை மையத்துக்குப் போனேன். வினோதினியிடம், தெரிந்தவரை சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சோறும் முட்டையும் முடிந்து பதினான்கு பிள்ளைகள் பாயில் கிடந்தன. ஒன்றும் தூங்குகிற மாதிரி தெரியவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் யாழினி என்ற நாலு வயதுக் குட்டி எழுந்து வந்தது. என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தது. அப்புறம் என் முழங்கைக்கு மேலே கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து.

“ச்சு!” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவ்வளவுதான். “தவள! தவள! நெசத் தவள!” என்று பதினான்கும் பாயிலிருந்து எழுந்துவிட்டன. ஒவ்வொன்றாக வந்து அழுத்தின. கையில், முதுகில், ஒன்று என் மூக்கில். நான் ஒவ்வொன்றுக்கும் ச்சு சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் மறுபடியும் அழுத்தின.

“மேடம், தூங்க வெக்கக் கூப்ட்டா எழுப்பி வுட்டுட்டீங்களே” என்றாள் வினோதினி.

கடைசியில் படுக்கவைத்துக் கதையை ஆரம்பித்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகம் என்றேன். உன் மாதிரி சொல்ல எனக்கு வராது. அறிக்கை படிக்கிற மாதிரிதான் படித்தேன். நல்லதாகப் போயிற்று, கடையில் மல்லி தவளையை எடுப்பதற்குள் மூன்று அடங்கிவிட்டன. முத்தம் கொடுக்கும் இடத்தில் இன்னும் நாலு. பள்ளிக்கூடத்தில் திட்டு விழும்போது வினோதினியே கொட்டாவி விட்டாள். ஜுரம் வந்தபோது யாழினி மட்டும் முழித்திருந்தாள். விரல் நழுவியது, டக். “புடிச்சாலும் கோவிச்சிக்கிற, விட்டாலும் கோவிச்சிக்கிற” என்று மல்லி கேட்டாள்.

“அப்புறம்?” என்றாள் யாழினி.

அதுவரை அந்த அறையில் யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை என்று நினைக்கிறேன். ஆயாவிடம் வாங்கிய கதை அதோடு தீர்ந்துவிட்டது. அவள் முதுகில் தட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம், நீ அப்படித்தான் தப்பித்திருக்கிறாய். நான் தட்டவில்லை. தட்டாமலே அவள் கண் செருகிவிட்டது.

நீ நிறுத்துகிற இடம் அது. நான் நிறுத்தவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். தவளைக்கு மல்லியை ரொம்பப் பிடிக்கும். கடையில் எடுத்த நாளிலிருந்தே பிடிக்கும். தொட்டால் பிடிக்காது என்பது வேறு, மல்லியைப் பிடிக்கும் என்பது வேறு. அவளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடும்.

அவ்வளவுதான் முடிவு. இதைவிட நல்லதாக எனக்கு வரவில்லை. பதினான்கு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் தூங்குகிற அறையில், நாற்பத்தாறு வயதில், இதை முதல் தடவையாக வாயால் சொன்னேன். கேட்க ஒருவர்கூட இல்லை. எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? எழுப்பிவிட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

எழுப்பவில்லை அம்மா. ஆனால் நீ செய்தது போல நான் செய்யப்போவதில்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன் என்று வினோதினியிடம் சொல்லிவிட்டேன். என்றாவது ஒரு நாள் யாழினியோ வேறு எதுவோ தூங்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு “அப்புறம்?” என்று கேட்கும். அன்றைக்குப் பேச்சை மாற்ற மாட்டேன், எழுந்து போக மாட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற ஒரு ஆளிடம், முழு முடிவையும், சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

உன் ஒரே மகள்,
அருள்செல்வி
கடலூர்